கையால் செய்த வில்லும் வெள்ளைவால் மானும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அமெரிக்காவில், மரத்தைத் தானே வெட்டிச் செதுக்கிச் செய்த வில்லோடு மான் வேட்டைக்குப் போகிறவர்கள் இன்றும் இருக்கிறார்கள். கப்பி, சக்கரம், குறிபார்க்கும் ஊசி எதுவும் கிடையாது. ஒரே மரத்துண்டு, ஒரு நாண், அவ்வளவுதான். இங்கே குடியிருக்கும் தமிழ் நண்பர்களும் ஊரிலிருந்து பேசும் உறவினர்களும் இதைப் பற்றிக் கேட்கும் கேள்விகளையும், நான் சொல்லும் பதில்களையும் கீழே தொகுத்திருக்கிறேன்.

முதலில், இது சட்டப்படி சரிதானா?

அமெரிக்காவில் சரி. ஐம்பது மாநிலங்களிலும் வில் வேட்டைக்கு அனுமதி உண்டு. ஆனால் விதிகள் மாநிலத்துக்கு மாநிலம் மாறும். வேட்டை லைசென்ஸ் வேண்டும், பெரும்பாலும் ஒவ்வொரு மானுக்கும் தனி டேக் (அனுமதிச் சீட்டு) வேண்டும், குறிப்பிட்ட மாதங்களில்தான் போகலாம். பல மாநிலங்களில் வேட்டைப் பயிற்சி வகுப்பு முடித்த சான்றிதழ் இல்லாமல் லைசென்ஸே கிடைக்காது. குடியுரிமை இல்லாதவர்களும் லைசென்ஸ் வாங்கலாம். வெளிமாநிலத்தவருக்குக் கட்டணம் அதிகம்.

இந்தியாவிலோ இலங்கையிலோ செய்யலாமா?

கூடாது. இந்தியாவில் 1972ஆம் ஆண்டின் வனவிலங்கு பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் புள்ளிமான், கடமான், வெளிமான் எதையும் வேட்டையாடுவது சிறைத்தண்டனைக்குரிய குற்றம். இலங்கையிலும் 1937ஆம் ஆண்டிலிருந்து நடைமுறையில் உள்ள வனவிலங்குச் சட்டத்தின் கீழ் மான் வேட்டை குற்றமே. வில் செய்யுங்கள், வைக்கோல் கட்டை நிறுத்தி எய்து பழகுங்கள். அதோடு நிறுத்திக்கொள்ளுங்கள். இந்தப் பக்கத்தில் மான் வேட்டை பற்றிச் சொல்வதெல்லாம் வட அமெரிக்காவின் வெள்ளைவால் மானைப் பற்றியது.

அமெரிக்காவில் மட்டும் மானைக் கொல்வது எப்படி நியாயம்?

1800களின் கடைசியில் இங்கேயும் மான் அழியும் நிலைக்கு வந்துவிட்டது. இறைச்சியையும் தோலையும் சந்தையில் விற்பதற்காகக் கணக்கில்லாமல் சுட்டுத் தள்ளினார்கள். அப்புறம் சட்டங்கள் வந்தன. சட்டவிரோதமாகக் கொன்ற விலங்கை மாநில எல்லை தாண்டி விற்பதைத் தடுக்கும் லேசி சட்டம் 1900இல் வந்தது. 1937இல் வந்த பிட்மன்-ராபர்ட்சன் சட்டம் வேட்டைத் துப்பாக்கி, தோட்டா ஆகியவற்றின் மேல் போடும் வரியை வனவிலங்குப் பாதுகாப்புக்கே திருப்பிவிட்டது. 1970களில் வில், அம்புக்கும் அந்த வரி நீட்டிக்கப்பட்டது. மான்கள் திரும்பப் பெருகின. இன்று கோடிக்கணக்கில் இருக்கின்றன. ஓநாயும் மலைச்சிங்கமும் இல்லாத பகுதிகளில் அவை காட்டின் இளமரக்கன்றுகளை மொட்டையடிக்கின்றன, பயிரை மேய்கின்றன, நெடுஞ்சாலையில் காரின் முன் பாய்கின்றன. அதனால் எத்தனை மானை எடுக்கலாம் என்பதை ஒவ்வொரு ஆண்டும் மாநில வனவிலங்குத் துறை கணக்கிட்டு டேக் கொடுக்கிறது.

இது உங்களுக்கு ஒப்பவில்லை என்றால் அதை நான் மதிக்கிறேன். கடையில் கோழி வாங்கிச் சாப்பிடும் ஒருவர் மட்டும் என்னைக் கொடியவன் என்று சொன்னால், அவரோடு கொஞ்சம் உட்கார்ந்து பேச வேண்டும் என்று தோன்றும்.

துப்பாக்கி இருக்கும்போது ஏன் வில்? அதுவும் ஏன் கையால் செய்த வில்?

துப்பாக்கியோடு இருநூறு மீட்டர் தள்ளி நின்று, மானுக்குத் தெரியாமலேயே வேலையை முடிக்கலாம். நவீன கப்பி வில்லால் நாற்பது மீட்டரில் குறி தவறாமல் எய்கிறார்கள். மர வில்லுக்கு அந்த வசதி இல்லை. பதினைந்து மீட்டருக்குள் மான் வர வேண்டும், வந்தபின் உங்களைப் பார்க்காமல் நிற்க வேண்டும், நீங்கள் கையை அசைத்து நாணை இழுக்க வேண்டும். அத்தனை பக்கத்தில் மான் மூச்சுவிடுவது கேட்கும். காற்று எந்தப் பக்கம் வீசுகிறது, எந்த ஓக் மரம் இந்த வாரம் காய் உதிர்க்கிறது, எந்த ஒற்றையடித் தடத்தில் புதிய குளம்படி விழுந்திருக்கிறது என்பதையெல்லாம் படித்தால்தான் அந்தப் பதினைந்து மீட்டர் கிடைக்கும். எனக்கு இந்த வேட்டையின் பொருளே அந்த நெருக்கம்தான். எய்யாமல் திரும்பும் நாட்கள்தான் அதிகம். அதைச் சகித்துக்கொள்ள முடியாதவர் இந்த வழிக்கு வர வேண்டாம்.

இந்த வழக்கம் எங்கிருந்து வந்தது?

வட அமெரிக்காவின் பூர்வகுடிகள் ஆயிரம் ஆண்டுகளுக்கும் மேலாக வில்லால் மான் வேட்டையாடியவர்கள். இன்றைய பொழுதுபோக்கு வில் வேட்டைக்காரர்கள் பலர் தங்கள் கதையை ஒரு மனிதரிடமிருந்து தொடங்குவார்கள்: இஷி.

வடக்குக் கலிபோர்னியாவின் யாகி மக்களை 1860களில் குடியேறிகள் கூட்டம் கூட்டமாகக் கொன்றார்கள். தப்பிய சிலர் பல ஆண்டுகள் மலைப்பள்ளத்தாக்குகளில் ஒளிந்து வாழ்ந்தார்கள். அவர்களில் கடைசியாக மிஞ்சியவர் 1911 ஆகஸ்டில் ஓரோவில் என்ற ஊருக்கு அருகே தனியாக வெளிப்பட்டார். சான் பிரான்சிஸ்கோவில் பல்கலைக்கழகத்தின் மானுடவியல் அருங்காட்சியகத்தில் அவரைத் தங்கவைத்தார்கள். பக்கத்து மருத்துவமனையில் அறுவை மருத்துவராக இருந்த சாக்ஸ்டன் போப் அவரோடு நட்பாகி, வில் செய்யவும் எய்யவும் அவரிடம் கற்றுக்கொண்டார். 1914இல் இஷியின் சொந்த மண்ணான டீர் கிரீக் பள்ளத்தாக்குக்கு அவரோடு போய் வேட்டை முறைகளை நேரில் பார்த்தார்.

இஷியின் வில் குட்டையானது, ஜூனிபர் மரத்தால் செய்தது, முதுகில் மானின் தசைநார் ஒட்டியது. வேட்டைக்கு முந்தின நாள் அவர் மீன் சாப்பிட மாட்டார், புகைக்க மாட்டார். விடியற்காலையில் ஓடையில் குளித்து, மணமுள்ள மூலிகை இலையை உடம்பில் தேய்த்துக்கொண்டு வெறும் வயிற்றோடு கிளம்புவார். கையில் உதட்டை வைத்து உறிஞ்சி, அடிபட்ட முயல் கத்துவது போல ஒலி எழுப்பி விலங்குகளைப் பக்கத்தில் வரவைப்பார். 1916 மார்ச்சில் காசநோயால் இறந்தார். போப் தான் கற்றதை எழுதிவைத்தார். அவரும் நண்பர் ஆர்தர் யங்கும் வில்லோடு வேட்டையாடிய செய்தி நாடெங்கும் பரவியது. 1934இல் விஸ்கான்சின் மாநிலம் வில்லுக்கென்று தனி மான் வேட்டைக் காலத்தை அறிவித்தது. மற்ற மாநிலங்கள் பின்னால் வந்தன.

தன் மக்களை அழித்தவர்களின் பிள்ளைகளுக்கு உட்கார்ந்து பொறுமையாகச் சொல்லிக்கொடுத்தார் ஒருவர். இந்தக் கலையைப் பற்றிப் பேசும் யாரும் அதைச் சொல்லாமல் விடக்கூடாது என்பது என் எண்ணம்.

வில்லுக்கு எந்த மரம் நல்லது?

அமெரிக்காவின் நடுப்பகுதியில் இருப்பவர்களுக்கு விடை ஒன்றுதான்: ஓசேஜ் ஆரஞ்சு. பெயரில் ஆரஞ்சு இருந்தாலும் இது முசுக்கொட்டைக் குடும்பத்து மரம். டெக்சாஸ், ஓக்லஹோமா, ஆர்கன்சா எல்லைப்பகுதிதான் இதன் தாயகம். முள்கம்பி 1870களில் பரவுவதற்கு முன் விவசாயிகள் இதை உயிர்வேலியாக நட்டதால் இப்போது எங்கும் கிடைக்கிறது. வைரம் பாய்ந்த மஞ்சள் மரம், நாளாக நாளாகப் பழுப்பாகும். இழுவிசை, அமுக்கவிசை இரண்டையும் தாங்கும், எளிதில் உளுத்துப்போகாது. 1800களின் தொடக்கத்தில் மிசூரி ஆற்றோரம் போன தாவரவியலாளர் ஜான் பிராட்பரி, அரிக்கரா மக்களிடம் இந்த மரத்து வில் ஒன்றின் விலை ஒரு குதிரையும் ஒரு கம்பளியும் என்று எழுதியிருக்கிறார்.

ஆனால் முதல் வில்லுக்கு நான் இதைச் சொல்ல மாட்டேன். ஹிக்கரி வாங்குங்கள். மலிவு, முதுகுப்பக்கம் முறியாது, தப்பை மன்னிக்கும். ஈரத்தை இழுத்துக்கொள்வது மட்டும் அதன் குறை. எல்ம், ஆஷ், மேப்பிள் ஆகியவையும் நல்ல வில் கொடுக்கும். டென்மார்க்கின் ஹோல்மகோர் சதுப்பில் 1944இல் கிடைத்த, சுமார் ஒன்பதாயிரம் ஆண்டு பழமையான வில் எல்ம் மரம்தான். மேற்குக் கரையோரம் இருப்பவர்களுக்கு யூ மரம் கிடைக்கும்.

மரத்தை வெட்டியதும் வில் செய்ய ஆரம்பிக்கலாமா?

முடியாது. காத்திருக்க வேண்டும். முடிச்சும் முறுக்கும் இல்லாத, ஆள் உயரத்துக்குச் சற்று நீளமான நேரான தண்டை எடுத்து, ஆப்பு அடித்து நீளவாக்கில் பிளக்க வேண்டும். ரம்பம் மரநாரை வெட்டிக்கொண்டு போகும். ஆப்பு நாரின் போக்கிலேயே பிளக்கும். பிளந்த அன்றே இரு முனைகளிலும் மரப்பசையோ ஷெல்லாக்கோ தடித்துப் பூசுங்கள். பட்டையை உரித்திருந்தால் அந்த முகத்துக்கும் பூசுங்கள். பூசாவிட்டால் ஒரு வாரத்தில் வெடிப்பு விடும். அப்புறம் மழை படாத, வெயில் நேரடியாகப் படாத இடத்தில் ஓராண்டாவது கிடக்கட்டும். ஈரப்பதம் எட்டு முதல் பத்து சதவீதத்துக்கு வந்தால் செதுக்கலாம். இதை அளக்கும் கருவி கடையில் கிடைக்கும், வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

வில் செய்வதில் கஷ்டமான கட்டம் எது?

இரண்டு இருக்கின்றன.

ஒன்று முதுகு. எய்பவருக்கு அப்பால், மானைப் பார்த்திருக்கும் முகத்தை முதுகு என்பார்கள். எய்பவரைப் பார்த்திருக்கும் முகம் வயிறு. நாணை இழுக்கும்போது முதுகு நீண்டு கொடுக்கிறது, வயிறு அமுங்குகிறது. முதுகு முழுவதும் ஒரே ஆண்டு வளையமாக, நுனியிலிருந்து நுனிவரை அறுபடாமல் இருக்க வேண்டும். ஹிக்கரி போன்ற வெள்ளை மரங்களில் பட்டையை உரித்தாலே அந்த வளையம் கிடைத்துவிடும். ஓசேஜில் வெளிப்பக்கத்து வெளிர்மரத்தை நீக்கி, உள்ளே வைரத்தில் ஒரு தடித்த வளையத்தைத் தேர்ந்து, அதன் மேலிருக்கும் எல்லாவற்றையும் இருகைப்பிடிக் கத்தியால் இழுத்து இழுத்து எடுக்க வேண்டும். முடிச்சு வரும் இடத்தில் வளையம் மேடாக எழும். அங்கே கத்தியை வைத்துவிட்டுச் சுரண்டியால் மட்டும் போங்கள். ஒரு நாள் முழுக்க இதற்கே போகும். கண் பழகிவிட்டால் இளவேனில் வளர்ச்சியின் நுண்துளைப் படலமும் அதற்கடுத்த கெட்டியான படலமும் தெளிவாகப் பிரிந்து தெரியும். கத்தியின் சத்தமே மாறும், துளைப்படலத்தில் மொறுமொறுவென்று கேட்கும்.

இன்னொன்று வளைவைச் சீராக்குவது. இருபத்தெட்டு அங்குலம் இழுப்பவருக்கு அறுபத்தாறு அங்குல நீளம், நடுவில் வளையாத நாலங்குலப் பிடி, பிடிக்கு இருபுறமும் உள்ள வில்லின் கைகள் பிடியருகே ஒன்றரை அங்குல அகலத்தில் தொடங்கி நுனியில் அரை அங்குலமாகக் குறுகுவது என்று வைத்துக்கொண்டால் முதல் வில்லுக்குப் பத்திரமான அளவு. முதுகைத் தொடவே கூடாது, மரத்தை வயிற்றிலிருந்துதான் எடுக்க வேண்டும். முதலில் தளர்வான நீள நாண் கட்டி, சுவரில் அடித்த கட்டையில் வில்லைக் கிடத்தி, கயிற்றைக் கப்பி வழியாக இழுத்துக்கொண்டு தள்ளி நின்று பாருங்கள். எந்த இடம் வளையாமல் நிற்கிறதோ அங்கே பென்சிலால் கோடிடுங்கள். அந்த இடத்தில் மட்டும் நாலைந்து முறை சுரண்டுங்கள். மறுபடி முப்பது தடவை இழுத்து விடுங்கள், மரம் தன் புதிய வடிவத்தைக் காட்டட்டும். அப்புறம் பாருங்கள். ஒரே இடத்தில் மடிவது போல வளைந்தால் அந்த இடத்தைத் தொடாமல் அதன் இரு பக்கமும் சுரண்ட வேண்டும்.

நாணை முழுதாக இழுக்கத் தேவைப்படும் விசையைப் பவுண்டில் சொல்வார்கள். எந்தக் கட்டத்திலும் உங்களுக்கு வேண்டிய பவுண்டுக்கு மேல் இழுக்காதீர்கள். ஐம்பது பவுண்டு வில் வேண்டும் என்றால், பத்து அங்குலத்திலேயே ஐம்பது வந்துவிட்டால் அங்கேயே நிறுத்திச் சுரண்டுங்கள். பொறுமை இல்லாமல் இழுத்தால் வயிற்றுப் பக்கத்து மரம் நசுங்கி, குறுக்கே மெல்லிய வரிகள் விழும். அப்படி நசுங்கிய வில்லை எதுவும் காப்பாற்றாது.

மானுக்கு எத்தனை பவுண்டு வில் வேண்டும்?

விஸ்கான்சினில் சட்டப்படி குறைந்தது முப்பது பவுண்டு. நாற்பது கேட்கும் மாநிலங்களும் உண்டு. என் கணிப்பில் நாற்பத்தைந்து முதல் ஐம்பத்தைந்துக்குள் இருந்தால் போதும். அறுபத்தைந்து பவுண்டு வில்லைக் குளிரில், விறைத்த விரலோடு, மூன்று சட்டை போட்டுக்கொண்டு சத்தமில்லாமல் இழுத்துப் பாருங்கள், புரியும். ஆண்மைக்கு அளவுகோல் பவுண்டு என்று நினைக்கும் ஆட்கள் இங்கேயும் உண்டு. கூரான முனையோடு சரியான இடத்தில் பட்ட நாற்பத்தைந்து பவுண்டு அம்பு மானின் நெஞ்சைத் துளைத்து மறுபக்கம் வெளியே போய்விடும்.

நாண் எதனால் செய்வது?

பழைய முறையில் தசைநார், பச்சைத்தோல், லினன் நூல். இப்போது பெரும்பாலோர் டாக்ரான் என்ற செயற்கை நூலை இரண்டு கற்றையாக முறுக்கிக் கண்ணி போட்டுக்கொள்கிறார்கள். நானும் அப்படித்தான். மழையில் நனைந்து இழுபடாத நாண் மானுக்கும் நல்லது.

அம்பை வாங்கலாமா, செய்ய வேண்டுமா?

எப்படியும் செய்யலாம். ஆனால் வில்லைவிட அம்பு முக்கியம் என்பதை மறக்காதீர்கள். வளைந்த வில் நேரான அம்பை ஒழுங்காக எய்யும். எத்தனை நல்ல வில்லும் வளைந்த அம்பை ஒழுங்காக எய்யாது.

காட்டில் டாக்வுட், வைபர்னம் செடிகளின் நேரான துளிர்களைக் குளிர்காலத்தில் வெட்டிக் கட்டாகக் கட்டிக் காயவைத்து, நெருப்புச் சூட்டில் காட்டிக் கையால் நிமிர்த்துவார்கள். தென்கிழக்கு மாநிலங்களில் ஆற்றோர நாணல்மூங்கில் உண்டு. நேரம் இல்லாதவர்கள் போர்ட் ஓர்ஃபோர்ட் சிடார் குச்சி வாங்கிக்கொள்ளலாம். அம்பு வில்லின் பிடியைச் சுற்றி வளைந்து நெளிந்துதான் வெளியேறுகிறது, அதனால் அதன் விறைப்பு வில்லின் பவுண்டுக்குப் பொருந்த வேண்டும். மிக விறைத்த அம்பு வலதுகை எய்பவருக்கு இடப்பக்கம் ஒதுங்கும், தளர்ந்த அம்பு வலப்பக்கம் ஒதுங்கும். வாலில் வான்கோழி இறகு மூன்று, எல்லாம் ஒரே பக்கத்துச் சிறகிலிருந்து எடுத்தவையாக இருக்க வேண்டும்.

எடை அதிகம் இருக்கட்டும். ஒரு பவுண்டுக்குப் பத்து கிரெயின் என்பது பழைய கணக்கு, ஐம்பது பவுண்டு வில்லுக்கு ஐந்நூறு கிரெயின், அதாவது சுமார் 32 கிராம். கனமான அம்பு வேகம் குறைந்தாலும் ஆழமாகப் போகும், வில்லின் சத்தமும் அடங்கும்.

கல் முனை போடலாமா?

எரிமலைக் கண்ணாடியையும் சக்கிமுக்கிக் கல்லையும் மான்கொம்பால் தட்டிச் செய்த முனை, எஃகைவிடக் கூர்மையாகவே இருக்கும். எலும்பில் பட்டால் உடையும் என்பதுதான் சிக்கல். சில மாநிலங்களில் கல் முனைக்கு அனுமதி இல்லை, விதிப்புத்தகத்தைப் பாருங்கள். புதியவர்கள் இரண்டு அலகுள்ள எஃகு முனையே போடுங்கள். குறைந்தது 7/8 அங்குல அகலம் வேண்டும் என்று பல மாநிலங்கள் சொல்கின்றன. முன்கையில் முடியை மழிக்கும் அளவுக்குக் கூர் இருக்க வேண்டும். குண்டு அதிர்ச்சியால் கொல்கிறது, அம்பு ரத்தக்குழாயை அறுத்துத்தான் கொல்கிறது. மர வில்லிலிருந்து கிளம்பும் அம்பின் ஆற்றல் முப்பத்தைந்து ஜூல் அளவுதான், வேட்டைத் துப்பாக்கிக் குண்டில் அதைப்போல நூறு மடங்கு இருக்கும். கூர் மழுங்கிய அம்பு விலங்கை வதைக்கும். ஒவ்வொரு காலையும் கிளம்பும் முன் முனையைத் தீட்டுங்கள்.

எவ்வளவு தூரத்தில் எய்யலாம்?

உங்கள் தூரம் எது என்பதை நீங்களே கண்டுபிடிக்க வேண்டும். மைதானத்தில் சாப்பாட்டுத் தட்டு அளவுள்ள குறியை வையுங்கள். உடம்பு சூடேறாத நிலையில், அன்றைய முதல் அம்பு, ஒரே ஒரு அம்பு. நாள் தவறாமல் அது எந்தத் தூரம்வரை தட்டுக்குள் விழுகிறதோ அதுதான் உங்கள் எல்லை. பெரும்பாலோருக்கு அது பதினெட்டு மீட்டரைத் தாண்டாது.

திறமை இருந்தாலும் இன்னொரு தடை உண்டு. அம்பு நொடிக்குச் சுமார் 46 மீட்டர் போகிறது, நாணின் சத்தமோ நொடிக்கு 340 மீட்டர். பதினெட்டு மீட்டர் தள்ளி நிற்கும் மானுக்குச் சத்தம் ஏறக்குறைய நொடியில் இருபதில் ஒரு பங்கு நேரத்தில் போய்ச் சேர்ந்துவிடும். அம்பு சேர ஏறக்குறைய 0.4 நொடி ஆகும். இடைப்பட்ட நேரத்தில் விழிப்பாக இருக்கும் மான், ஓடுவதற்காக உடலைத் தாழ்த்தும், அம்பு முதுகுக்கு மேலே போகும். அதனால்தான் காதை நிமிர்த்திப் பதற்றமாக நிற்கும் மானை எய்யக்கூடாது. தலை குனிந்து மேயும்வரை பொறுங்கள்.

குறிபார்க்க எதுவும் இல்லாமல் எப்படி எய்வது?

கண் இடத்தைப் பார்க்கிறது, கை போகிறது. பந்தை எறிகிறவன் கையைப் பார்ப்பதில்லை, அதே கதைதான். மான் முழுவதையும் பார்க்காமல் ஒரே ஒரு முடிக்கற்றையைப் பாருங்கள். உட்கார்ந்தும், மண்டியிட்டும், பரண்மேல் நின்று கீழ்நோக்கியும், கனத்த உடையோடும் பழகுங்கள்.

மானை எப்படி அத்தனை பக்கத்தில் வரவைப்பது?

வரவைக்க முடியாது, அது வரும் இடத்தில் முன்கூட்டியே இருக்க வேண்டும். இளங்காலையும் அந்திப்பொழுதும் மான் நடமாடும் நேரம். செப்டம்பர், அக்டோபரில் தீனியைத் தேடுங்கள். வெள்ளை ஓக் மரத்தின் காய்க்குக் கசப்பு குறைவு, அது உதிரத் தொடங்கினால் மற்றதை விட்டுவிட்டு அங்கே வரும். நவம்பர் இணைசேரும் பருவம். ஆண் மான்கள் பட்டப்பகலிலும் அலையும், இளமரங்களில் கொம்பைத் தேய்த்துப் பட்டையை உரித்திருக்கும், தரையைக் காலால் கிளறி அதில் சிறுநீர் விட்டிருக்கும். இரண்டு புதர்க்காடுகளை இணைக்கும் குறுகலான மரவரிசை இருந்தால் அந்த மாதத்தில் அதைவிட நல்ல இடம் இல்லை.

காற்றுதான் எல்லாவற்றுக்கும் மேல். மான் உங்களைக் கண்டால் சந்தேகப்படும், நின்று பார்க்கும், சில சமயம் மறுபடி மேயும். மோந்துவிட்டால் பேச்சே இல்லை, போய்விடும். கொஞ்சம் டால்கம் பவுடரை ஒரு குப்பியில் வைத்துக்கொண்டு அடிக்கடி பீய்ச்சிப் பாருங்கள். காற்று தடத்திலிருந்து உங்கள் பக்கம் வீசும் நாளில் மட்டும் அந்த இடத்துக்குப் போங்கள். விலை உயர்ந்த மணநீக்கும் சோப்புகளில் எனக்கு நம்பிக்கை இல்லை.

உடையைப் பற்றி அதிகம் கவலைப்படாதீர்கள். மானுக்குச் சிவப்பும் ஆரஞ்சும் சரியாகத் தெரியாது, நீலம் நன்றாகவே தெரியும். ஜீன்ஸ் வேண்டாம். நிறத்தைவிட அசைவுதான் காட்டிக்கொடுக்கும். மான் ஒரு மரத்துக்குப் பின்னால் தலையை மறைக்கும் நொடியில் வில்லை இழுங்கள்.

எந்த இடத்தில் எய்ய வேண்டும்?

பக்கவாட்டில் நிற்கும் மான், அல்லது உங்களிடமிருந்து சற்று விலகிச் சாய்ந்து நிற்கும் மான். முன்னங்காலுக்குச் சற்றுப் பின்னால், உடலின் கீழிருந்து மூன்றில் ஒரு பங்கு உயரத்தில். அங்கே இரண்டு நுரையீரலும் இதயமும் இருக்கின்றன. இரண்டு நுரையீரலும் துளைபட்ட மான் பெரும்பாலும் நூறு மீட்டருக்குள், சில நொடிகளில் விழுந்துவிடும். உங்களை நேரே பார்த்து நிற்கும் மான், புட்டத்தைக் காட்டி நிற்கும் மான், நடந்துகொண்டிருக்கும் மான், இடையில் சிறு கிளை மறைக்கும் மான், இவை எதையும் எய்யாதீர்கள். எத்தனை பெரிய கொம்பாக இருந்தாலும்.

எய்த பிறகு உடனே பின்தொடரலாமா?

இல்லை. பரணிலேயே உட்காருங்கள். மான் கடைசியாகத் தெரிந்த இடத்தை ஒரு மரத்தை அடையாளம் வைத்து மனதில் குறித்துக்கொள்ளுங்கள். அரைமணி நேரம் கழித்து இறங்கி அம்பைத் தேடுங்கள், விஷயம் அதில் எழுதியிருக்கும். நுரைத்த, வெளிர்சிவப்பு ரத்தம் நுரையீரல், தாராளமாகத் தொடரலாம். கருஞ்சிவப்பு ரத்தம் என்றால் கல்லீரல், குறைந்தது நாலு மணி நேரம் காத்திருங்கள். பச்சைநிறக் கசடும் நாற்றமும் இருந்தால் குடலில் பட்டிருக்கிறது. அரவமில்லாமல் திரும்பிப் போய் எட்டு முதல் பன்னிரண்டு மணி நேரம் கழித்து வாருங்கள். அவசரப்பட்டுத் துரத்தினால் படுத்துக்கிடக்கும் மான் எழுந்து ஓடும், அப்புறம் கிடைக்காது. ரத்தத் தடத்தில் ஒவ்வொரு துளிக்கும் ஒரு காகிதத் துணுக்கு வைத்துக்கொண்டே போங்கள், தடம் தொலைந்தால் திரும்பிப் பார்த்தாலே திசை தெரியும். கயிற்றில் பிடித்த மோப்பநாயைப் பயன்படுத்தப் பல மாநிலங்கள் அனுமதிக்கின்றன. வெட்கப்படாமல் கூப்பிடுங்கள்.

அப்படியும் கிடைக்காமல் போனால்?

போகலாம். வில் வேட்டையில் இது நடக்கும், நடக்காது என்று சொல்கிறவரை நம்பாதீர்கள். ஒரு நாள் முழுக்க, இருட்டும்வரை, மறுநாளும் தேடுங்கள். அதோடு அந்த ஆண்டு வேட்டையை முடித்துக்கொள்ளும் நண்பர்கள் எனக்கு உண்டு. சட்டம் அப்படிச் சொல்லவில்லை, ஆனால் நான் அவர்கள் பக்கம்.

இதில் நமக்கு என்ன ஆபத்து?

பரணிலிருந்து விழுவதுதான் முதல் ஆபத்து. ஏறும்போதே பாதுகாப்பு வாரைக் கட்டுங்கள், மேலே போய்க் கட்டிக்கொள்ளலாம் என்று இருக்காதீர்கள். வில்லைக் கயிறு கட்டித் தனியாக மேலே இழுங்கள். அடுத்தது முனையின் அலகு, அம்பறாத்தூணியில் முனை மூடியிருக்க வேண்டும். உண்ணி கடித்தால் லைம் நோய் வரலாம், வீட்டுக்கு வந்ததும் உடம்பைச் சோதியுங்கள்.

வில்லை எப்படிப் பாதுகாப்பது?

வேட்டை முடிந்ததும் நாணைக் கழற்றிவிடுங்கள். அம்பு பூட்டாமல் இழுத்து விடாதீர்கள், வில் அப்போதே உடையலாம். முழுதாக இழுத்தபின் இரண்டு மூன்று நொடிக்குமேல் பிடித்து நிற்காதீர்கள். வெயிலில் நிறுத்திய காருக்குள் வைக்காதீர்கள். தேன்மெழுகோ எண்ணெயோ அவ்வப்போது தேயுங்கள். கொஞ்சகாலம் எய்தபின் வில் நாண் பக்கமாகச் சற்று வளைந்தே நிற்கும், ஓரிரு அங்குலம்வரை அது இயல்பு.

இறைச்சியை நம் முறையில் சமைக்கலாமா?

அருமையாக வரும். மான் விழுந்த இடத்திலேயே குடலை எடுத்து, உடலைச் சீக்கிரம் குளிரவைக்க வேண்டும். கொழுப்பை முழுதாக நீக்குங்கள், மான் கொழுப்பு வாயில் மெழுகாக ஒட்டும். முதுகுச்சதையை மிளகும் சின்ன வெங்காயமும் போட்டு வறுத்தால் ஐந்து நிமிடம் போதும், அதிகம் வெந்தால் தோல்போல் ஆகிவிடும். காலும் கழுத்தும் குழம்புக்கு, நிதானமாக வேக வேண்டும்.

சமைக்கும் முன் ஒன்று. மானைச் சிறிது சிறிதாக இளைக்கவைத்துக் கொல்லும் ஒரு மூளைநோய் 1967இல் கொலராடோவில் முதலில் கண்டறியப்பட்டு, இப்போது முப்பதுக்கும் மேற்பட்ட மாநிலங்களில் பரவியிருக்கிறது. சிடபிள்யூடி என்று சுருக்கமாகச் சொல்வார்கள். மனிதருக்கு வந்ததாக உறுதியான சான்று இல்லை. இருந்தாலும் நோயுள்ள மானைச் சாப்பிட வேண்டாம் என்று அமெரிக்க நோய்த்தடுப்பு மையமான சிடிசி சொல்கிறது. உங்கள் பகுதியில் நோய் இருந்தால் மாநிலத் துறையிடம் மாதிரி கொடுத்து, முடிவு வரும்வரை இறைச்சியை உறையவைத்திருங்கள்.

நான் எப்போது தொடங்குவது?

குளிர்காலத்தில் மரம் வெட்டி வையுங்கள். அது காய்கிற காலத்தில், மரக்கடையில் நார் நேராக ஓடும் ஹிக்கரிப் பலகை ஒன்றைத் தேர்ந்து முதல் வில்லைச் செய்யுங்கள். அது உடைந்தால் இன்னொன்று. கோடையில் தினமும் கொஞ்சம் எய்யுங்கள், வேட்டைப் பயிற்சி வகுப்பையும் அதற்குள் முடித்துவிடுங்கள். இலையுதிர்காலம் வரும்போது உங்கள் முதல் அம்பு தட்டுக்குள் விழவில்லை என்றால், அந்த ஆண்டு வில்லை வீட்டில் வைத்துவிட்டுக் காட்டுக்குப் போய்த் தடங்களை மட்டும் பாருங்கள். அடுத்த செப்டம்பரில் மறுபடி லைசென்ஸ் கொடுப்பார்கள்.